இயேசுநாதரின் தம்பிமார் யாவர்?

சென்ற கார்த்திகைக் கடைசியில், நம் விடுதி உணவுக்கூடத்தில், இரவுச் சாப்பாட்டு வேளையில் ஒரு வழக்கு எழுந்தது. வாதி, சித்தூரைச் சேர்ந்த நண்பர், தென்னிந்தியத் திருச்சபையினர். எதிர்வாதி, கோலார்த் தங்கவயலிலிருந்து வந்து இங்கே கணிதம் பயிலும் நண்பர்; கத்தோலிக்கர். இருவரும் தமிழர், ஒரே அறையில் தங்கி, ஒரே ஊறுகாய்ப் புட்டியைப் பகிர்ந்துண்பவர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு விடுதி வாயிலில் நட்சத்திர விளக்குக் கட்டுவது பற்றிப் பேசத் தொடங்கியவர்கள், எப்படியோ வழி மாறி, "இயேசுவுக்குத் தம்பிமார் உண்டா, இல்லையா?" என்ற கேள்வியில் போய் நின்றார்கள். "உண்டு, மாற்கு பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்" என்றார் ஒருவர். "சகோதரர் என்றால் அங்கே உறவினர் என்று பொருள், மரியன்னைக்கு ஒரே பிள்ளைதான்" என்றார் மற்றவர். குரல் உயர்ந்தது, சாம்பார் ஆறியது. அதன்பின் மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் இருவரும் தனித்தனியே என் அறைக்கு வந்தனர். "அண்ணே, நீங்கள் இரண்டு கட்சியிலும் சேராதவர். வேதியியல் படிப்பவர். எதையும் நிறுத்துப் பார்த்துத்தானே சொல்வீர்கள்? இதையும் நிறுத்துச் சொல்லுங்கள்" என்று ஒருவர் சொன்னதையே, அவர் சொன்னது அறியாமல், மற்றவரும் வந்து சொன்னார். நானோ சைவக் குடும்பத்தில் பிறந்தவன். விவிலியத்தை அதுவரை ஒழுங்காகத் திறந்து பார்த்ததும் இல்லை. ஆயினும் மறுக்க மனம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அதற்கு ஒரு மாதத்துக்கு முன், ஐப்பசி மழையில், சந்திரகிரிச் சாலையில் வண்டி சறுக்கி விழுந்து என் தம்பி கால் எலும்பை முறித்துக்கொண்டான். செய்தி கேட்டு ஓடினேன். அறுவை செய்ய வேண்டும், கையெழுத்து வேண்டும் என்றார்கள். "நீ யார்?" என்றார் எழுத்தர். "அண்ணன்" என்றேன். அவர் படிவத்தைப் பார்த்தார். அவன் தகப்பனார் பெயர் ஒன்று. என் தகப்பனார் பெயர் வேறு. "சொந்தத் தம்முடா?" என்று தெலுங்கில் கேட்டார். "ஆமாம்" என்றேன். "அப்பா பெயர் வேறாக இருக்கிறதே?" "சித்தி மகன்." "அப்படிச் சொல்!" என்று, 'உடன்பிறந்தவர்' என்று எழுதியிருந்ததைக் கோடு கிழித்து 'உறவினர்' என்று மாற்றி எழுதி, பெற்றவர்கள் வரட்டும் என்று என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார். சித்தூரிலிருந்து எழுபது கிலோமீட்டர். சித்தி பேருந்து பிடித்து வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவன் வலியில் "அண்ணா, அண்ணா" என்று என்னைத்தான் அழைத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் குடும்பம் தென்காசிப் பக்கத்துக் குடும்பம். ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதத் தந்தையார் சித்தூருக்கு வந்தபோது எனக்கு ஐந்து வயது. மறு ஆண்டே சித்தி வீட்டாரும் வந்து சேர்ந்தனர். ஒரே வீட்டின் இரண்டு பகுதிகளில் வளர்ந்தோம்; ஒரே பாயில் உறங்கினோம். அவனைச் 'சித்தி மகன்' என்று என் வாயால் நான் சொன்னது அன்றுதான் முதல் முறை. ஆகவே 'சகோதரர் என்றால் யார்?' என்ற கேள்வியை நண்பர்கள் கொண்டுவந்தபோது, அது பாலஸ்தீன நாட்டுக் கேள்வியாக மட்டும் எனக்குத் தோன்றவில்லை. நூலகத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்தேன். கண்டதைக் கூறுகிறேன்.

முதலில் நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். தமிழில் பெரியப்பா, சித்தப்பா மக்களும், பெரியம்மா, சித்தி மக்களும் நமக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கையே. மாமன் மக்களும் அத்தை மக்களும் மட்டும் வேறு. அவர்கள் மைத்துனன், மைத்துனி, முறைப்பெண். தெலுங்கிலும் இதே ஏற்பாடுதான். அன்ன, தம்முடு ஒரு பக்கம். பாவ, மரதலு மறுபக்கம். அமெரிக்க அறிஞர் மார்கன், உலக மக்களின் உறவுமுறைப் பெயர்களைத் தொகுத்து 1871இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். செவ்விந்தியருள் ஒரு கூட்டத்தாராகிய இரோக்குவாயர் உறவுமுறையும் தமிழர் உறவுமுறையும் பெரிதும் ஒத்திருப்பதைக் கண்டு அவர் வியப்பில் ஆழ்ந்தார். தமிழ் உறவுப் பெயர்களை அவருக்குத் திரட்டிக் கொடுத்தவர்களில் ஆர்க்காட்டு மிசனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தாரும் உண்டு. வேலூரும் சித்தூரும் அந்த மிசனின் களம். நம் பக்கத்து வீட்டுப் பாட்டிமார் சொல்லும் முறைகள் அவ்வழியே அமெரிக்கா போய் அறிவியலாயின என்பதை எண்ண எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

இனி, 'சகோதரர்' என்ற சொல். 'ச' என்றால் ஒன்றான. 'உதரம்' என்றால் வயிறு. ஒரே வயிற்றில் பிறந்தவன் சகோதரன். நற்செய்தி நூல்கள் எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இதற்குச் சொல் 'அதெல்பொஸ்'. அதன் பிறப்பும் அதுவே: 'அ' என்றால் ஒன்றான, 'தெல்புஸ்' என்றால் கருப்பை. வடமொழியும் கிரேக்கமும் ஒரே அச்சில் வார்த்த இரண்டு சொற்கள்! இதைக் கண்டதும் சித்தூர் நண்பர் பக்கம் தீர்ப்பு எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் சொல்லின் பிறப்பு வேறு, வழக்கு வேறு. மேடையில் நின்று 'சகோதர சகோதரிகளே' என்பவர் எல்லோரையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றா சொல்கிறார்? அறிஞர் அண்ணா 1950களில் 'தம்பிக்கு' என்று வாரந்தோறும் கடிதம் எழுதினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் அவற்றைக் கண்டெடுத்து, காஞ்சிபுரத்தில் அண்ணாதுரைக்கு எத்தனை தம்பிமார் என்று ஆராயப் புகுந்தால் என்ன ஆகும்? நற்செய்தி நூல்களின் முன் நாமும் அந்த ஆராய்ச்சியாளர் நிலையில்தான் நிற்கிறோம்.

நூல்கள் சொல்வது என்ன? மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், இயேசு சொந்த ஊருக்கு வந்து கற்பிக்கிறார். ஊரார் முணுமுணுக்கின்றனர்: இவன் தச்சன் அல்லவா, மரியாளின் மகன் அல்லவா, யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்பவர்களுக்குச் சகோதரன் அல்லவா, இவன் சகோதரிகள் நம்மிடத்தில்தானே இருக்கிறார்கள் என்பது அவர்கள் பேச்சின் சாரம். சகோதரர் நால்வர்க்குப் பெயர் உண்டு. சகோதரிகளுக்குப் பெயர் இல்லை. (பெண்களின் பெயரை எழுதாமல் விடும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்று அறிக.) மத்தேயுவிலும் இந்தப் பட்டியல் உண்டு. லூக்கா இவ்விடத்தில் சகோதரரை விட்டுவிட்டு, யோசேப்பின் மகன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மாற்கிலோ, வியப்பாக, யோசேப்பு என்ற தந்தையின் பெயரே நூல் முழுதும் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தரும் முதற்பாடம் இங்கே பயன்படும். பியூரெட்டை மூன்று முறை ஓட்டி, மூன்று அளவும் ஒத்திருந்தால்தான் நம்புகிறோம். ஆனால் பக்கத்து மேசைக்காரன் குறிப்பேட்டைப் பார்த்து எழுதிய அளவு இரண்டாம் அளவாகாது. மாற்கு ஏறக்குறைய கி.பி. 70ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டது. மத்தேயுவும் லூக்காவும் அதை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினர் என்பது பெரும்பாலான அறிஞர் கொள்கை. ஆகவே மாற்கின் பட்டியலையும் மத்தேயுவின் பட்டியலையும் இரண்டு சான்று என்று எண்ணக் கூடாது. அவை ஒன்றே.

வேறு தனிச் சான்று உண்டா? உண்டு. முதலாவது பவுல். கலாத்தியர்க்கு அவர் எழுதிய கடிதம் கி.பி. 50ஐ ஒட்டிய ஆண்டுகளைச் சேர்ந்தது, மாற்குக்கும் முந்தியது. தாம் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதாகவும், ஆண்டவரின் சகோதரனாகிய யாக்கோபையும் கண்டதாகவும் அவர் எழுதுகிறார். இது கேட்டு எழுதிய செய்தி அன்று. நேரில் கண்டவர் எழுதியது. பேதுருவை அவர் 'ஆண்டவரின் சகோதரன்' என்று சொல்லவில்லை என்பதையும் கவனிக்க. கொரிந்தியர்க்கு எழுதிய முதற் கடிதத்தில் அப்போஸ்தலரை ஒரு வகையாகவும் ஆண்டவரின் சகோதரரை வேறு வகையாகவும் பிரித்துச் சொல்கிறார். ஆகையால் இது 'அண்ணாவின் தம்பி' போன்ற அன்புச்சொல் அன்று. ஏதோ ஓர் உண்மையான உறவைக் குறிப்பது.

இரண்டாமவர் ஜொசீபஸ்; யூத வரலாற்றாசிரியர், கிறித்தவர் அல்லர். கி.பி. 93ஐ ஒட்டி உரோமையில் இருந்து எழுதியவர். உரோம ஆளுநர் ஒருவர் இறந்து அடுத்தவர் வந்து சேருமுன், கி.பி. 62இல், தலைமைக் குரு அனானுஸ் ஒரு மன்றத்தைக் கூட்டி, கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபையும் வேறு சிலரையும் கல்லெறிந்து கொல்லச் செய்தான் என்று எழுதுகிறார். இதற்காக அனானுஸ் பதவி இழந்தான் என்றும் சொல்கிறார். இவருக்கு எந்தச் சமயக் கட்சியிலும் இடமில்லை. ஆக, யாக்கோபு என்று ஒருவர் இருந்தார், இயேசுவின் சகோதரர் என்று நண்பரும் அயலாரும் அவரை அழைத்தனர், அவர் 62இல் கொல்லப்பட்டார் என்ற மூன்றும் மிக உறுதியானவை. அக்காலத்து எளிய குடும்பம் ஒன்றைப்பற்றி இவ்வளவு உறுதியாக அறிவதே அரிது.

நிற்க. அந்த உறவு எத்தகையது என்பதுதானே வழக்கு? நான்காம் நூற்றாண்டிலேயே மூன்று விடைகள் வந்துவிட்டன.

எல்விதியுஸ் என்பவர், அவர்கள் யோசேப்புக்கும் மரியாளுக்கும் பின்னால் பிறந்த மக்களே என்றார். எப்பிபானியுஸ், யோசேப்பு மனைவியை இழந்தவர், அவர்கள் மூத்த தாரத்து மக்கள் என்றார். இக்கருத்து அவர் படைத்ததன்று. 'யாக்கோபின் முதல் நற்செய்தி' எனப்படும் இரண்டாம் நூற்றாண்டு நூலிலேயே யோசேப்பு பிள்ளைகளையுடைய முதியவராக வருகிறார். மரியாளின் பெற்றோர் யோவாக்கீம், அன்னா என்ற பெயர்களும் நமக்குத் தெரிந்தவரை அந்நூலில்தான் முதலில் தோன்றுகின்றன. கீழைத் திருச்சபையினர் இன்றும் இந்த இரண்டாம் விடையையே ஏற்கின்றனர். மூன்றாம் விடை ஜெரோம் என்ற பேரறிஞருடையது. எல்விதியுசை மறுத்து 383இல் ஒரு நூல் எழுதி, அவர்கள் மரியாளின் சகோதரியுடைய மக்கள் என்றார். மேலைக் கத்தோலிக்க உலகம் பெரும்பாலும் இவர் வழி நின்றது.

ஜெரோமின் விடையைப் படித்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாயின் தங்கை மக்கள்! அஃதாவது, சித்தி மக்கள். நம் கணக்கில் அவர்கள் தம்பிமார் அல்லாமல் வேறு யார்? ஐரோப்பியருக்கு இந்த விடை வலிந்து பொருள் கொண்டதாகத் தோன்றலாம். தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் இதைவிட இயல்பானது இல்லை. எபிரேய மொழியிலும் சகோதரன் என்ற சொல் அகன்ற பொருள் உடையது. ஆதியாகமத்தில் ஆபிரகாம் தம் அண்ணன் தம்பி மகனாகிய லோத்தை நோக்கி, நாம் சகோதரர் என்ற கருத்தில் பேசுகிறார். மருத்துவமனை ஓரத்தில் நின்ற மூன்று மணி நேரம் நினைவுக்கு வந்தது. தங்கவயல் நண்பரே வென்றார் என்று அன்றிரவு முடிவு கட்டிவிட்டேன். என் மனமும் அதைத்தான் விரும்பியது.

மறுநாள் அந்த முடிவு தகர்ந்தது. தகர்த்தவர் எகெசிப்பு. இவர் இரண்டாம் நூற்றாண்டினர். இவர் நூல் அழிந்துவிட்டது. நான்காம் நூற்றாண்டில் யூசேபியஸ் எழுதிய திருச்சபை வரலாற்றில் பகுதிகள் மட்டும் எடுத்தாளப்பெற்று எஞ்சியுள்ளன. யாக்கோபு கொல்லப்பட்டபின் எருசலேம் சபைக்குத் தலைவரானவர் சிமியோன் என்றும், அவர் கிலெயோப்பாவின் மகன் என்றும், கிலெயோப்பா யோசேப்பின் உடன்பிறந்தவர் என்றும் அவர் வழிச் செய்தி கூறுகிறது. நம் முறையில் சிமியோன் யார்? பெரியப்பா அல்லது சித்தப்பா மகன். எனவே இயேசுவுக்கு அண்ணன் அல்லது தம்பி. ஆனால் எகெசிப்பு அவரைச் சகோதரர் என்று எழுதவில்லை. 'அனெப்சியொஸ்' என்று எழுதுகிறார். பெற்றோரின் உடன்பிறந்தார் மக்களுக்கே உரிய தனிச் சொல் அது. யாக்கோபுக்கு 'அதெல்பொஸ்', சிமியோனுக்கு 'அனெப்சியொஸ்'. இந்த இரண்டாம் சொல் புதிய ஏற்பாட்டுக்கும் புதிதன்று. கொலோசெயர் கடிதத்தில் பர்னபாவுக்கு மாற்கு என்ன உறவு என்று சொல்லும் இடத்தில் அது வருகிறது. தமிழ் விவிலியத்தின் பழைய பெயர்ப்பு அங்கே 'இனத்தான்' என்று பொதுவாகச் சொல்லிப் போய்விட்டது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழில் அதற்குச் சரியான சொல்லே இல்லையே!

என் தவறு இப்போது விளங்கிற்று. கிரேக்கத்தில் எழுதியவரைத் தமிழ்க் காதால் கேட்டுவிட்டேன். எபிரேய வழக்கு அகன்றது என்பது உண்மை. ஆனால் பவுலும் ஜொசீபசும் எகெசிப்பும் எழுதியது கிரேக்கம். அதில் பிரித்துச் சொல்லச் சொல் இருந்தது. பிரித்துச் சொல்லும் வழக்கமும் இருந்தது. இருந்தும் யாக்கோபை ஒருவரும் அனெப்சியொஸ் என்று சொல்லவில்லை. மேலும், ஜெரோமின் கணக்கு நிற்க வேண்டுமானால் மரியாளின் சொந்தச் சகோதரிக்கும் மரியாள் என்றே பெயர் இருந்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரே பெயரா? மூன்று விடைகளுள் மூன்றாவதே மெலிந்தது என்பது என் முடிவு. விருப்பத்துக்கு மாறாகவே இதை எழுதுகிறேன்.

அதனால் எல்விதியுஸ் வென்றாரா என்றால், அதுவும் அவ்வளவு எளிதன்று. சித்தூர் நண்பர் வலுவாக நம்பிய ஒரு சான்று, லூக்கா இயேசுவை 'முதற்பேறான' மகன் என்று சொல்வது. முதல் பிள்ளை என்றால் இரண்டாம் பிள்ளை இருக்க வேண்டாமா என்றார். வேண்டியதில்லை. நம் ஊரில் தலைச்சன் பிள்ளை என்பதற்கு இளையவன் பிறக்கும்வரை யாராவது காத்திருக்கிறார்களா? இதற்குக் கல்லிலேயே சான்று கிடைத்திருக்கிறது. எகிப்தில் தெல்-எல்-யெகுதியே என்ற இடத்தில் கண்டெடுக்கப்பட்ட யூதக் கல்லறைக் கல்வெட்டு ஒன்று, கி.மு. 5ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அர்சினோயே என்ற இளம்பெண் தன் முதற்பேற்றின் நோவில் இறந்தாள் என்று கிரேக்கத்தில் அது சொல்கிறது. அவளுக்கு இரண்டாம் பிள்ளை ஏது? பாவம், இருபது நூற்றாண்டு கழித்து ஒரு விடுதி வழக்கில் சாட்சி சொல்ல வந்திருக்கிறாள்.

தங்கவயல் நண்பர் கையில் இருந்த வலிய சான்று யோவான் நற்செய்தியில் உள்ளது. சிலுவையில் தொங்கும்போது இயேசு தம் தாயை ஒரு சீடரிடம் ஒப்படைக்கிறார். வேறு மக்கள் இருந்தால் இது எதற்கு? நல்ல கேள்வி. ஆனால் இதே கேள்வி எப்பிபானியுசையும் ஓரளவு உறுத்தும். மூத்த தாரத்து மக்களாயினும் தாயாக எண்ணிக் காப்பாற்ற மாட்டார்களா? அதே யோவான், சகோதரர்கள் இயேசுவை அப்போது நம்பவில்லை என்கிறார். மாற்கு இன்னும் ஒரு படி மேலே போய், இயேசுவுக்குப் புத்தி பேதலித்தது என்றெண்ணி வீட்டார் பிடித்துக்கொண்டுபோக வந்ததாகவே எழுதுகிறார். பெருமை சேர்க்க எழுதுபவர் இதைப் புனைந்திருப்பாரா? மத்தேயுவும் லூக்காவும் அந்த வரியை எடுக்காமல் விட்டனர் என்பதே, அது பழைய, வீட்டார்க்குக் கசப்பான உண்மை என்பதைக் காட்டுகிறது. சொன்ன பேச்சைக் கேட்காமல் ஊர் சுற்றுகிறான் என்று மூத்த மகனைத் தேடிப் போகும் குடும்பம் எந்த நாட்டில் இல்லை?

யோசேப்பைப்பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். அவர் தந்தை பெயர் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. இந்த முரணைத் தீர்க்க மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆப்பிரிக்கானுஸ் என்பவர், பிள்ளையின்றி இறந்தவன் மனைவியைச் சகோதரன் மணக்கும் யூத வழக்கத்தைக் காட்டி விளக்கம் எழுதினார். விளக்கம் திறமையானது, சான்று இல்லாதது. நற்செய்திகளில் யோசேப்பு ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசாத அவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் காப்பியம் பாடியது தமிழ்! இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் 1726இல் நிறைவு செய்த தேம்பாவணியில் 3615 பாடல்கள். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்கு மிகுதல், பெருகுதல் என்பது கருத்து; அதை 'வளன்' என்று தமிழாக்கினார் முனிவர். அவர் சொந்தப் பெயரிலும் யோசேப்பு உண்டு. ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிரேடா மரியாள் எழுதிய நூலைத் தழுவியது என்பதால், அங்கே வளன் மூத்த தாரத்து மக்களையுடைய கிழவர் அல்லர். இல்லறத்துள் துறவறம் காத்தவர். காப்பியமாக அது இனிக்கிறது. வரலாற்றுச் சான்றாக அதை நிறுக்க முற்படுவது, தேனைத் தராசில் ஊற்றுவதாகும்.

புனிதர்களைச் சுற்றி உறவு பெருகுவது திருப்பதியில் இருக்கும் நமக்குப் புதிதன்று. கீழே பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராசப் பெருமாள், மலைமேல் நிற்கும் பெருமானுக்கு அண்ணன் என்றும், தலைக்கு மரக்காலை வைத்து உறங்குவது தம்பியின் கடனுக்குக் காசு அளந்த களைப்பால் என்றும் ஊர் சொல்லும். கோயில் வரலாறு எழுதுபவர் கோவிந்தராசர் கோயில் எப்போது, யாரால் எழுந்தது என்று கேட்பார். ஊராரோ அண்ணன் தம்பி என்பதோடு நிறைவடைவர். இரண்டு கேள்விகளும் ஒரே தெருவில் மோதாமல் நடக்கின்றன. மேனாள் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் சிறுவராய் 1896 முதல் 1900 வரை பயின்றது இதே திருப்பதியில், செர்மானிய லுத்தரன் மிசன் பள்ளியில். மலைமேல் மணியோசையும் வகுப்பில் விவிலியமுமாக வளர்ந்த முதற் பிள்ளைகள் நாமல்லோம்.

தோமாவையும் ஒருவர் நினைவூட்டினார். மயிலாப்பூரோடு மரபு இணைக்கும் அதே தோமா. 'தோமா' என்பது அரமேயத்தில் இரட்டையன். 'திதிமு' என்பது கிரேக்கத்தில் இரட்டையன். இரண்டும் பட்டமே. சிரிய நாட்டு மரபு அவர் பெயர் யூதா என்றும், மூன்றாம் நூற்றாண்டுத் 'தோமாவின் பணிகள்' அவர் இயேசுவுக்கே இரட்டையர் என்பது போலவும் கூறுகின்றன. மாற்கின் பட்டியலில் யூதா உண்டு என்பதால் இருவரையும் ஒட்டவைக்கச் சிலர் முயன்றனர். யூதா அக்காலத்தில் தெருவுக்குத் தெரு வழங்கிய பெயர். ஒட்டு நிற்கவில்லை.

பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து முடிவு கட்டும் ஆசை இக்காலத்தாரையும் விடவில்லை. 2002இல் எலும்புப் பேழை ஒன்று வெளிவந்தது. யோசேப்பின் மகன், இயேசுவின் சகோதரன் யாக்கோபு என்ற பொருள்பட அரமேயத்தில் அதில் எழுதியிருந்தது. உலகம் பரபரத்தது. மறு ஆண்டே இஸ்ரேல் தொல்பொருள் துறையின் குழு எழுத்தைப் போலி என்றது. வழக்கு நீண்டு, 2012இல் உடைமையாளர் மோசடிக் குற்றச்சாட்டினின்று விடுவிக்கப்பட்டார். ஆனால் எழுத்து உண்மையானது என்பதற்கு இத்தீர்ப்பு சான்றாகாது என்று நீதிபதியே சொல்லிவிட்டார். அகழ்வில் இருந்த இடம் தெரியாமல் கடைவழி வந்த பொருளுக்கு இதுதான் கதி. 1980இல் எருசலேமின் தல்பியோத் பகுதியில் கிடைத்த கல்லறையை இயேசு குடும்பத்தின் கல்லறை என்று 2007இல் படம் எடுத்தார்கள். அக்கால யூதப் பெண்களுள் பெயர் தெரிந்தவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருத்தி மரியாள். நம் விடுதி முற்றத்தில் நின்று "வெங்கடேசா!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள், எத்தனை சன்னல் திறக்கிறது என்று தெரியும்.

இவற்றையெல்லாம்விட என் நெஞ்சில் நின்றது எகெசிப்பு சொல்லும் இன்னொரு செய்தி. தாவீது அரசனின் வழியில் வந்தவர்கள் என்று ஆண்டவரின் சகோதரன் யூதாவின் பேரர்களைப் பிடித்து, உரோமப் பேரரசன் தொமிதியன் முன் நிறுத்தினர். அவன் ஆண்டது கி.பி. 81 முதல் 96 வரை. உங்களுக்கு என்ன சொத்து என்று கேட்டான். இருவருக்கும் சேர்த்து ஒன்பதாயிரம் தெனாரிப் பெறுமானம், அதுவும் காசாக இல்லை, முப்பத்தொன்பது பிளெத்திரா நிலமாக இருக்கிறது, அதை நாங்களே உழுது வரி கட்டிப் பிழைக்கிறோம் என்று சொல்லிக் கைகளை நீட்டிக் காட்டினர். உள்ளங்கை முழுதும் காய்ப்பு. பேரரசன் இகழ்ந்து, விட்டுவிட்டான். கதையில் எவ்வளவு உண்மை என்று அறிஞர் வாதிடுகின்றனர். நிலத்தின் அளவையும் விலையையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் அந்த இடம் எனக்குக் குடும்பத்தார் சொல்லிச் சொல்லி வந்த பேச்சாகவே படுகிறது.

மார்கழி எட்டாம் நாள் இரவு, இருவரையும் அறைக்கு அழைத்து இதையெல்லாம் படித்துக் காட்டினேன். "தீர்ப்பு?" என்றார் தங்கவயல் நண்பர். "யாக்கோபு இயேசுவின் வீட்டில் வளர்ந்தவர், சித்தி மகன் அல்லர் என்றே தோன்றுகிறது. மரியாளின் மகனா, யோசேப்பின் மூத்த தாரத்து மகனா என்பதை ஏடுகளை வைத்துச் சொல்ல முடியாது. முதலாவதுதான் எளிய பொருள். மரியன்னையைப்பற்றி உங்கள் சபை கொண்டிருக்கும் நம்பிக்கை இந்தத் தராசில் ஏறும் பொருள் அன்று, அதை நான் நிறுக்கவும் இல்லை" என்றேன். அவர் முகம் சற்று வாடிற்று. சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேட்டார்: "அண்ணே, அந்த மருத்துவமனையில் எழுத்தர் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்?"

"உறவினர் என்றுதான்" என்றேன்.

"கையெழுத்துப் போட விட்டிருப்பீர்களா?"

இதற்கு நான் விடை சொல்லுமுன் சித்தூர் நண்பர் எழுந்து, நட்சத்திரம் இன்னும் கட்டவில்லை, ஏணி காவலரிடம் இருக்கிறது, பத்து மணிக்கு மேல் தரமாட்டார் என்றார். மூவரும் இறங்கிப் போனோம். தங்கவயல் நண்பர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். சித்தூர் நண்பர் ஏறினார்.